பெலாருஸும் இரண்டாம் உலகப் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக நூல்களை என்.சி.பி.எச். கடையில் மலிவு விலைக்கு வாங்கிப் படித்த தலைமுறைக்கு ‘பைலோரஷ்யா’ (இன்றைய பெலாருஸ்) என்ற பெயர் பழக்கம்தான். ஆனால் அந்த நூல்களில் போரில் மடிந்தவர்கள் பெரும்பாலும் ‘சோவியத் மக்கள்’ என்ற ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். அதில் பெலாருஸ் விவசாயி யார், யூதர் யார், இரண்டு வருடம் முன்புவரை போலந்துக் குடிமகனாக இருந்தவர் யார் என்பது தெரியாது. பிரித்துப் பார்க்காமல் அங்கே நடந்தது புரியாது என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களை அந்த நோக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

போர் தொடங்கியபோது பெலாருஸ் தனி நாடாக இருந்ததா?

இல்லை. சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளில் ஒன்று, தலைநகர் மின்ஸ்க். அதுவும் பாதி பெலாருஸ்தான். 1921இல் கையெழுத்தான ரீகா ஒப்பந்தப்படி பிரெஸ்ட், குரோத்னோ, பின்ஸ்க், நவக்ருதக் எல்லாம் போலந்து பக்கம் போய்விட்டன. மேற்கே பெலாருஸ் மொழிப் பள்ளிகளைப் போலந்து அரசு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கிழக்கே ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் ஆசிரியர்களையும் கவிஞர்களையும் விவசாயிகளையும் சுட்டுப் புதைத்துக்கொண்டிருந்தது. மின்ஸ்க் ஓரத்தில் உள்ள குரபாத்தி காட்டுப் புதைகுழிகள் வெளிச்சத்துக்கு வந்ததே 1988இல்தான்.

முதல் உலகப் போரும் இந்த மண்ணை விட்டுவைக்கவில்லை. 1915 முதல் போர்முனை நாட்டின் குறுக்கே ஓடியது. ஸ்மார்கோன் நகரம் அப்படியே தரைமட்டமானது. ரஷ்யா போரிலிருந்து விலகிக்கொண்ட 1918 மார்ச் 3 ஒப்பந்தம் கையெழுத்தானது பிரெஸ்ட் கோட்டையில். அதே மாதம் 25ஆம் தேதி பெலாருஸ் மக்கள் குடியரசு என்று சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். சில மாதங்களுக்கு மேல் அது நிலைக்கவில்லை.

அவர்களுக்குப் போர் 1939இல் தொடங்கியதா, 1941இலா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்ஸ்க்காரருக்கு ஜெர்மனி சோவியத்மேல் படையெடுத்த 1941 ஜூன் 22. குரோத்னோக்காரருக்கு 1939 செப்டம்பர். ஹிட்லரும் ஸ்டாலினும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்தைத் தாக்க, செப்டம்பர் 17 அன்று சோவியத் செஞ்சேனை கிழக்கிலிருந்து உள்ளே வந்தது. பிரெஸ்ட் நகரை முதலில் பிடித்தது ஜெர்மன் படைதான். செப்டம்பர் 22 அன்று அதைச் சோவியத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த நிகழ்ச்சியில் ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷெயினும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று அணிவகுப்பைப் பார்வையிட்டார்கள். படம் இருக்கிறது. சோவியத் பாடநூல்களில் அந்தப் படத்துக்கு இடம் கிடைத்ததில்லை.

மேற்குப் பெலாருஸ் மக்களில் நிறையப் பேர் செஞ்சேனையைப் பூங்கொத்தோடு வரவேற்றதும் உண்மை. போலந்து நிலப்பிரபுக்கள்மேல் அவ்வளவு கசப்பு. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1940 பிப்ரவரியிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்துச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தினார்கள். சோவியத் வரலாறு வைத்த ‘மகத்தான தேசபக்தப் போர்’ என்ற பெயரில் கதையை 1941இல் தொடங்கினால் இந்த இருபத்தோரு மாதம் காணாமல் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், 2021 முதல் பெலாருஸில் செப்டம்பர் 17 ‘தேசிய ஒற்றுமை நாள்’.

பிரெஸ்ட் கோட்டை உண்மையிலேயே ஒரு மாதம் தாக்குப்பிடித்ததா?

1941 ஜூன் 22 அன்று ஜெர்மானியர் தாக்கிய எல்லைக் கோட்டை இது. ஒழுங்கமைந்த எதிர்ப்பு ஜூன் மாதக் கடைசியோடு முடிந்தது. சில மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வந்த ஜெர்மன் 45ஆம் காலாட்படை டிவிஷனுக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் நிலவறைகளில் பதுங்கியவர்கள் தனித்தனியாகப் போராடினார்கள். சுவரில் “சாகிறேன், ஆனால் சரணடையமாட்டேன். விடைகொடு தாய்நாடே” என்று ஒருவர் கீறி வைத்த வாசகத்தின் தேதி 1941 ஜூலை 20. கோட்டையைக் காத்த அதிகாரிகளில் ஒருவரான மேஜர் கவ்ரீலோவ் பிடிபட்டது ஜூலை 23. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியவருக்குக் கிடைத்த பரிசு, எதிரியிடம் கைதியாக இருந்தார் என்று கட்சியிலிருந்து நீக்கம். ‘சோவியத் வீரர்’ பட்டம் தந்தது 1957இல்.

கோட்டை நின்றதே தவிர, போர்முனை நிற்கவில்லை. ஆறே நாளில், ஜூன் 28இல், மின்ஸ்க் விழுந்தது. பியாவிஸ்தோக்–மின்ஸ்க் சுற்றிவளைப்பில் மட்டும் சுமார் 3 லட்சம் செஞ்சேனை வீரர்கள் பிடிபட்டார்கள். பழியை ஏற்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? மேற்கு முனைத் தளபதி பாவ்லோவை ஸ்டாலின் சுட்டுக்கொல்ல வைத்தார்.

‘நாலில் ஒருவர் செத்தார்’ என்பது உண்மையா?

பெலாருஸில் எந்தச் சின்னக் குழந்தையும் சொல்லும் கணக்கு இது. போருக்கு முன் மக்கள்தொகை சுமார் 90 லட்சம். இழப்பு 22 லட்சம் என்று சோவியத் காலத்தில் அறிவித்தார்கள். இப்போதைய அரசு ‘மூன்றில் ஒருவர்’ என்கிறது. மக்கள்தொகை பழைய அளவைத் தொட 1970 வாக்கில்தான் முடிந்தது என்பதால் அடி எவ்வளவு ஆழம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விகிதத்தைவிட முக்கியம், செத்தவர்கள் யார் என்பது. ஜெர்மன் வரலாற்றாசிரியர் கிறிஸ்டியான் கெர்லாக் ஆவணங்களை அலசி, பெலாருஸ் மண்ணில் போர்க்களத்துக்கு வெளியே கொல்லப்பட்டவர்களைப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ 7 லட்சம் போர்க்கைதிகள், 5 லட்சத்துக்கு மேல் யூதர்கள், பார்ட்டிசான் (காட்டிலிருந்து போரிட்ட கொரில்லா) வேட்டை என்ற பெயரில் 3,45,000 பேர். இதில் போர்க்கைதிகள் சோவியத் ஒன்றியத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்தவர்களாக இருக்கலாம். உஸ்பெக்காரரும் உண்டு, ரஷ்யரும் உண்டு. ஆகவே அந்த எண்ணிக்கையை அப்படியே பெலாருஸ் மக்கள்தொகையிலிருந்து கழிக்க முடியாது.

கைதிகளைச் சுட்டுக்கொன்றதைவிடப் பட்டினி போட்டுக் கொன்றதே அதிகம். மின்ஸ்க் ஓரம் மஸ்யுகோவ்ஷினாவில் இருந்த 352ஆம் எண் கைதி முகாமில் மட்டும் 80,000 பேர் இறந்ததாக அங்குள்ள நினைவிடம் சொல்கிறது. 1941–42 குளிர்காலத்தில் திறந்தவெளியில், முள்வேலிக்குள், கூரையில்லாமல் கிடந்தார்கள். உணவுப் பற்றாக்குறையால் நேர்ந்தது இல்லை இது. சோவியத் நிலத்தின் தானியம் ஜெர்மன் படைக்கும் ஜெர்மனிக்கும். உள்ளூர்க்காரர் லட்சக்கணக்கில் சாவது போகட்டும் என்று போருக்கு முன்பே பெர்லினில் திட்டம் போட்டிருந்தார்கள்.

ஹாத்தின் கிராமத்தில் என்ன நடந்தது?

1943 மார்ச் 22. மின்ஸ்க்குக்கு வடக்கே லகோய்ஸ்க் சாலையில் போன ஜெர்மன் வாகனங்களைப் பார்ட்டிசான்கள் தாக்கினார்கள். செத்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் வோல்கே. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் குண்டு எறிதலில் ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அப்போது போலீஸ் படைப்பிரிவு அதிகாரி. முந்தைய இரவு பார்ட்டிசான்கள் ஹாத்தினில் தங்கியிருந்தார்கள். அது போதும்.

முதலில் சாலையோரம் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். பிறகு ஊரைச் சூழ்ந்து, வீடு வீடாகப் புகுந்து, எல்லோரையும் கூட்டுப்பண்ணைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டி, வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள். கதவு உடைந்து வெளியே ஓடியவர்களை இயந்திரத் துப்பாக்கி சுட்டுத் தள்ளியது. 149 பேர். அதில் 75 பேர் குழந்தைகள். தீக்காயத்தோடு பிழைத்த ஒரே பெரியவர் யோசிஃப் காமின்ஸ்கி. பிணங்களுக்கு நடுவே தன் மகனைக் கண்டெடுத்தார். பையன் அவர் கையிலேயே உயிர்விட்டான். இன்று நினைவிடத்தில் நிற்கும் உயரமான சிலை, மகனைக் கையில் ஏந்திய அவர்தான்.

செய்தது யார்? சோவியத் காலத்தில் பொதுவாக ‘பாசிஸ்டுகள்’ என்பார்கள். 118ஆம் துணைப் போலீஸ் பட்டாளமும் டிர்லவாங்கரின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை) பிரிவும் சேர்ந்து செய்தது. 118இல் பெரும்பாலோர் உக்ரேனியர்கள், அவர்களில் பலர் ஜெர்மானியரிடம் பிடிபட்ட முன்னாள் செஞ்சேனை வீரர்கள். அதன் படைத்தலைமை அலுவலர் கிரிகோரி வசூரா போருக்குப் பின் கௌரவமான ஆளாக நடமாடிவிட்டு, 1986இல்தான் மின்ஸ்க் ராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றார். நாடே கொண்டாடும் நினைவிடத்தின் கொலையாளியைப் பற்றிய வழக்கு, ஆனால் ஆரவாரமில்லாமல் நடந்தது. சோவியத் இனங்கள் எல்லாம் ‘சகோதர மக்கள்’ என்ற கதைக்கு அது இடைஞ்சல்.

ஹாத்தின் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். 1969இல் திறந்த அந்த நினைவிடத்தில் ‘கிராமங்களின் கல்லறை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எரிந்து, பிறகு யாரும் திரும்பக் குடியேறாத 185 கிராமங்களுக்கு ஒவ்வொரு சமாதி, ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊரிலிருந்து கொண்டுவந்த மண். மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட ஊர்கள் அறுநூறுக்கு மேல்.

ஹாத்தினும் கட்டீனும் ஒன்றா?

இல்லை. கட்டீன் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பக்கம். 1940இல் சோவியத் ரகசியப் போலீஸ் போலந்து அதிகாரிகளைக் கொன்ற இடங்களில் ஒன்று. மொத்தம் சுமார் 22,000 பேர். சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1990இல். இத்தனை எரிந்த ஊர்களுக்கு நடுவே, உச்சரிப்பில் கட்டீனோடு குழம்பக்கூடிய ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பெரிய நினைவிடம் கட்டியது தற்செயலா என்ற சந்தேகத்தை மேற்கில் பலர் எழுப்பியிருக்கிறார்கள். 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சனையும் ஹாத்தினுக்குத்தான் அழைத்துப்போனார்கள்.

யூதர்களுக்கு என்ன ஆனது?

மின்ஸ்க், வித்தெப்ஸ்க், பின்ஸ்க், பப்ரூய்ஸ்க் என்று பல நகரங்களில் போருக்கு முன் மக்களில் பெரிய பங்கு யூதர்கள். மின்ஸ்க் ரயில் நிலையத்தில் யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதியிருந்த காலம் அது. ஓவியர் மார்க் ஷகால் பிறந்த வித்தெப்ஸ்கின் யூதச் சேரி (யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ) 1941 அக்டோபரிலேயே துடைத்தழிக்கப்பட்டது.

மின்ஸ்க் யூதச் சேரியை 1941 ஜூலையில் ஏற்படுத்தினார்கள். ஒரு லட்சம் பேர்வரை அடைத்தார்கள். நவம்பரில் ஹம்பர்க், பெர்லின், வியன்னா போன்ற நகரங்களிலிருந்து ஜெர்மன் பேசும் யூதர்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு இடம் வேண்டும் என்று அதற்கு முன்பே உள்ளூர் யூதர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றாகிவிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வேலி. இவர்கள் இத்திஷும் ரஷ்யனும் பேச, வந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1943 அக்டோபரில் சேரியே காலி. நகருக்குத் தென்கிழக்கே மாலி திரஸ்தியானெத்ஸ் காட்டில் சுட்டும் விஷவாயு வண்டிகளிலும் கொன்றவர்கள் எண்ணிக்கை 60,000 என்பாரும் உண்டு, 2 லட்சத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு. பின்வாங்கும் முன் ஜெர்மானியர் பிணங்களைத் தோண்டியெடுத்து எரித்துவிட்டதால் கணக்கு தீரவில்லை.

தப்பியவர்களும் உண்டு. நவக்ருதக்கில் கைதிகளாக இருந்த யூதர்கள் சுமார் 250 பேர் 1943 செப்டம்பர் 26 இரவில் தாங்களே தோண்டிய சுரங்கப்பாதை வழியாக வெளியேறினார்கள். பலர் சேர்ந்த இடம் நலிபோக்கி காடு; அங்கே தூவியா பியெல்ஸ்கியும் தம்பிகளும் நடத்திய முகாமில் கிழவர்கள், குழந்தைகள் உள்பட 1,200 பேர் செஞ்சேனை வரும்வரை உயிரோடு இருந்தார்கள். தையல்காரர், செருப்புத் தைப்பவர், அடுமனை எல்லாம் வைத்துக் காட்டுக்குள்ளே ஓர் ஊரே நடந்தது. சண்டை போட்டு ஜெர்மானியரைக் கொல்வதைவிட ஒரு யூதக் கிழவியைக் காப்பாற்றுவது மேல் என்பது தூவியாவின் கொள்கை.

1941 அக்டோபர் 26 அன்று மின்ஸ்க்கில் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த மூன்று பேரைத் தெருவில் நடத்திக்கொண்டுபோய்த் தூக்கிலிட்டதைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த பதினேழு வயதுப் பெண் மாஷா புருஸ்கினா, யூதர். மற்ற இருவர் பெயரும் சோவியத் காலத்தில் வெளியானது. அவர் மட்டும் பல்லாண்டு ‘அடையாளம் தெரியாத பெண்’. அடையாளம் சொன்னவர்கள் 1960களிலேயே இருந்தும் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாக் கிராமத்தாரும் பார்ட்டிசான்களை ஆதரித்தார்களா?

காட்டில் இருந்து போரிட்ட கொரில்லாக்களை ரஷ்யனில் பார்ட்டிசான் என்பார்கள். சோவியத் கணக்கில் பெலாருஸில் மட்டும் 3,74,000 பேர். பாதிக்கு மேற்பட்ட நிலப்பரப்பு ஏதாவது ஒரு சமயம் அவர்கள் கையில் இருந்ததாகச் சொல்வார்கள். அடர்ந்த காடும் சதுப்பும் உள்ள நாடு, ஜெர்மன் படை சாலையையும் ரயில் பாதையையும் விட்டு உள்ளே வரத் தயங்கியது. பார்ட்டிசான்கள் செய்த சேதம் பெரியது. ஓர்ஷா ரயில் நிலையத்தில் வேலை பார்த்த கான்ஸ்தன்தின் சஸ்லோனவ், வெடியை நிலக்கரிக் கட்டிபோல் செய்து எஞ்சின் கரியோடு கலந்துவிடும் வித்தையால் பல எஞ்சின்களைச் சிதற வைத்தார்.

ஆனால் காட்டில் இருப்பவனும் சாப்பிட வேண்டும். பகலில் ஜெர்மானியன் வந்து பன்றியைப் பிடித்துப்போவான், இரவில் பார்ட்டிசான் வந்து மாட்டை ஓட்டிப்போவான். கொடுத்தால் காலையில் ஊர் எரியும், கொடுக்காவிட்டால் துரோகி. ஆதரித்தவர்கள் நிறைய, வேறு வழியில்லாமல் சேர்ந்தவர்களும் நிறைய. 1943 மே 8 அன்று நலிபோக்கி ஊரில் சோவியத் பார்ட்டிசான்களே 120 பேருக்கு மேல் கொன்றார்கள். இதைச் சொன்னால் வீரர்களை இழிவுபடுத்துவதாகாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்தானை விட்டுவிட்டு இந்தப் போரைப் பேசுவதுதான் தவறு.

மினாய் ஷ்மிர்யோவ் என்ற பார்ட்டிசான் தலைவரின் நான்கு குழந்தைகளை ஜெர்மானியர் பிணை பிடித்து, சரணடைந்தால் விடுவோம் என்றார்கள். அவர் சரணடையவில்லை. 1942 பிப்ரவரியில் நால்வரையும் சுட்டார்கள்.

வில்ஹெல்ம் கூபெவைக் கொன்றது யார்?

அவர் வீட்டு வேலைக்காரி. கூபெ மின்ஸ்க்கில் இருந்து ஆண்ட நாஜி தலைமை ஆணையர். ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் ‘நம் பண்பாட்டு வட்டம்’ என்று அவர்களுக்காக மேலிடத்தில் முனகியவர், உள்ளூர் யூதர்களைக் கொல்வதில் குறைவைக்கவில்லை. எலேனா மசானிக் என்ற பணிப்பெண், தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த மரியா ஒசிப்போவா வழியாகக் கிடைத்த நேரக் குண்டை அவர் படுக்கையில் வைத்துவிட்டு நகரைவிட்டு வெளியேறினார். 1943 செப்டம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் வெடித்தது. பழிவாங்கலில் மின்ஸ்க்கில் நூற்றுக்கணக்கானோர் உயிர் போனது.

ஜெர்மானியரோடு சேர்ந்தவர்கள் இல்லையா?

இருந்தார்கள். உள்ளூர்ப் போலீஸ், கிராமத் தலைவர், பள்ளி ஆய்வாளர். சிலருக்குக் கொள்கை, சிலருக்குச் சோறு, சிலருக்குப் பழைய பகை. 1943 டிசம்பரில் ரதஸ்லாவ் அஸ்த்ரோவ்ஸ்கி தலைமையில் பெலாருஸ் மத்திய மன்றம் என்று ஒரு பொம்மை அமைப்பு வந்தது. 1944இல் கட்டாய ஆள்சேர்ப்பும் நடந்தது. அவர்கள் பிடித்த வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கொடி 1918 குடியரசின் கொடி, 1991–95இல் நாட்டின் அதிகாரபூர்வக் கொடி. அரசுக்கு எதிரான 2020 போராட்டத்தில் மக்கள் அதையே பிடித்தபோது அரசு ‘நாஜிக் கொடி’ என்றது.

செஞ்சேனைக்கு வெளியே பெலாருஸ்காரர்கள் போரிட்டார்களா?

ஆம். 1939இல் போலந்துப் படையில் பல்லாயிரம் பேர். பிறகு சைபீரியாவுக்குக் கடத்தப்பட்ட போலந்துக் குடிமக்களைக் கொண்டு உருவான ஆண்டர்ஸ் படை ஈரான் வழியாக வெளியேறி 1944 மே மாதம் இத்தாலியின் மொந்தே காஸினோவைப் பிடித்தது. அந்தக் கல்லறையில் பெலாருஸ் கிராமத்தான்களும் கிடக்கிறார்கள். அதே வழியாக வந்த குடும்பங்களில் சில ஆயிரம் பேருக்கு இந்தியா இடம் கொடுத்தது: ஜாம்நகர் பக்கம் பாலாச்சடி, கோலாப்பூர் பக்கம் வலிவடே.

பக்ராத்தியோன் நடவடிக்கை ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

பெலாருஸை மீட்கச் செஞ்சேனை நடத்திய இந்தத் தாக்குதல், நார்மண்டி தரையிறக்கத்துக்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததால் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரலாற்றைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அளவில் பார்த்தால் ஜெர்மன் படை அதுவரை சந்தித்த மிகப் பெரிய தோல்வி இதுதான். 1944 ஜூன் 23 வாக்கில் தொடங்கியது. உக்ரைன் பக்கம் அடி விழும் என்று ஜெர்மானியர் டாங்கிகளை அங்கே நகர்த்தியிருந்தார்கள். சோவியத் தளபதி ரொக்கசோவ்ஸ்கியின் வீரர்கள், டாங்கி போகவே போகாது என்று எதிரி நம்பிய சதுப்பில் மரக்கட்டை அடுக்கிப் பாதை போட்டார்கள். சேற்றில் புதையாமல் நடக்கக் கொம்புகளைப் பின்னி மிதியடி செய்துகொண்டார்கள். ஜூன் 26 வித்தெப்ஸ்க், 29 பப்ரூய்ஸ்க், ஜூலை 3 மின்ஸ்க், 28 பிரெஸ்ட். ஜூலை 17 அன்று 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ வீதிகளில் நடத்திக்கொண்டுபோனார்கள். பின்னாலேயே தண்ணீர் வண்டி வந்து சாலையைக் கழுவியது.

தனி நாடு இல்லாத பெலாருஸ் எப்படி ஐ.நா.வின் நிறுவன உறுப்பினர் ஆனது?

ஸ்டாலின் தன் எல்லாக் குடியரசுகளுக்கும் இடம் கேட்டார்; யால்டா மாநாட்டில் பேரம் பேசி உக்ரைன், பெலாருஸ் இரண்டோடு முடிந்தது. இவை இரண்டும் பட்ட இழப்பைக் காரணமாகச் சொன்னார்கள். உண்மையில் அது ஓட்டுக் கணக்கு. நாமும் சிரிக்க முடியாது: 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுதந்திரம் பெறாத இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார்.

இன்று இந்தப் போரை அங்கே எப்படி நினைவுகூர்கிறார்கள்?

சுதந்திர தினமே மின்ஸ்க் விடுவிக்கப்பட்ட ஜூலை 3தான். 1996 பொதுவாக்கெடுப்பில் மாற்றியது. 2022 ஜனவரியில் ‘பெலாருஸ் மக்கள் இனப்படுகொலை’ என்று ஒரு சட்டம் வந்தது. அதை மறுத்தால் சிறை. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த எல்லாச் சோவியத் குடிமக்களையும் ‘பெலாருஸ் மக்கள்’ என்று சட்டம் சேர்த்துக்கொள்கிறது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் இதனால் மறுபடியும் பொதுக் கணக்கில் கரைந்துபோகிறார்கள். பழைய சோவியத் பழக்கம், புதுச் சட்டம்.

மின்ஸ்க் போனால் எதைப் பார்க்கலாம்?

போர் அருங்காட்சியகம் பெரியது, பீரங்கியும் விமானமும் பார்க்கப் பிடிக்குமென்றால் அரை நாள் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் முதலில் ‘யாமா’ போகச் சொல்வேன். ஊருக்குள்ளேயே ஒரு பள்ளம். 1942 மார்ச் 2 அன்று கொல்லப்பட்ட யூதர்களுக்காக 1947இலேயே இத்திஷ் எழுத்தோடு வைத்த சின்னக் கல் அங்கே இன்றும் இருக்கிறது. ஹாத்தின், மின்ஸ்க் நகரிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம், வித்தெப்ஸ்க் நெடுஞ்சாலையில் போய்க் கிளைச்சாலையில் திரும்ப வேண்டும். திரஸ்தியானெத்ஸ் நகர எல்லையிலேயே வந்துவிடும். அதையும் யாமாவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.